எந்தத் தாளைப் பார்க்க வருகிறீர்கள்?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் அரவேணு எங்கள் ஊர். அப்பாவின் தாத்தாவுக்குத் தாத்தா மஞ்சல் (கம்பில் தொங்கும் தூளி மாதிரியான பல்லக்கு) தூக்கியவர் என்று வீட்டில் சொல்வார்கள். சிறுமுகைப் பக்கமிருந்து வந்தாராம், துரையைத் தோளில் சுமந்து மலை ஏறினாராம், அப்புறம் இறங்கவே இல்லையாம். இவ்வளவுதான் கதை. அவர் பெயர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது.

இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் வரலாற்றில் முனைவர் பட்டம் வரை போனேன். ரயில் குன்னூருக்கு வந்தது 1899-இல், ஊட்டிக்கு 1908-இல். அதற்கு முன்னால் துரைகளையும், துரைசானிகளையும், அவர்களுடைய பீரோவையும் பியானோவையும் இந்த மலைக்குச் சுமந்து வந்தவர்கள் யார், என்ன கூலி வாங்கினார்கள், எங்கே தங்கினார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வியோடு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எட்டு வாரம் உட்கார்ந்து படிக்க எனக்கு ஓர் ஆய்வு நல்கை கிடைத்தது. 2015-இல் கேட்டபோது இல்லை என்று விட்டார்கள். 2017-இல் கொடுத்தார்கள். ஆள் அதே ஆள், கேள்வியும் அதே கேள்வி. நடுவில் மாறியது விண்ணப்பம் மட்டும்தான். அது எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழும் வரலாறும் படித்துவிட்டு, "இதெல்லாம் நமக்குக் கிடைக்குமா அக்கா?" என்று கேட்கிற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் விண்ணப்பத்துக்கு நான் வைத்த தலைப்பு "நீலகிரியின் சமூக வரலாறு, 1800–1950". நூற்றைம்பது வருஷம், ஒரு மாவட்டம் முழுக்க. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலை ஏறியதில் தொடங்கி, தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர், சின்கோனா, தேயிலை என்று எல்லாவற்றையும் அதில் திணித்திருந்தேன். இரண்டு வரியில் பதில் வந்தது. வருத்தமாகத்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, கோவையில் ஓய்வு பெற்றிருந்த என் பழைய பேராசிரியரிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுவதும் படித்தார்.

"நல்லாத்தாம்மா எழுதியிருக்க. ஆனா இதை ஊட்டியில உக்காந்தே எழுதலாமே. லண்டன் எதுக்கு?"

"அங்கதானே சார் எல்லா ஆவணமும் இருக்கு?"

"எல்லாம்னா? எந்தத் தாளைப் பாக்கப் போற?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஒரு பெரிய நூலகம் நல்கை கொடுப்பது நம் தலைப்பு நல்ல தலைப்பு என்பதற்காக மட்டும் இல்லை. தங்கள் அலமாரியில் இருக்கிற ஒரு பொருளைத் திறந்து படித்து அதற்குப் பொருள் சொல்ல ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான் கொடுக்கிறார்கள். எந்தப் பொருள் என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நம்மைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்குக் காரணமே இல்லை.

"முதல்ல எழும்பூர் போ" என்றார் சார்.

மே மாத விடுமுறையில் போனேன். மேட்டுப்பாளையத்தில் ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்ட்ரல். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. நீங்கள் படிக்கிற அல்லது வேலை செய்கிற இடத்திலிருந்து அறிமுகக் கடிதம் வேண்டும், அதை மறந்துவிட்டுப் போகாதீர்கள். நான்கு தவணையாக, மொத்தம் ஐந்து வாரம் அங்கே உட்கார்ந்தேன். எனக்கு நல்கை வாங்கிக் கொடுத்தது அந்த ஐந்து வாரம்தான்.

ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னையில் ரெவின்யூ போர்டு கூடி என்ன முடிவெடுத்தாலும், அந்த முடிவையும் அதற்குக் காரணமான கடிதங்களையும் படி எடுத்துக் கப்பலில் லண்டனுக்கு அனுப்பினார்கள். முதலாளிகள் அங்கே இருந்தார்கள், அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் லண்டனில் இருக்கும் சென்னை மாகாண நடவடிக்கைக் குறிப்புகளில் பெரும்பகுதி எழும்பூரிலும் இருக்கிறது. எழும்பூரில் கிடைப்பதைப் பார்க்க லண்டனுக்குப் பணம் கேட்டால் யார் கொடுப்பார்கள்? நான் முதல் தடவை கேட்டது கிட்டத்தட்ட அதைத்தான்.

அப்படியானால் லண்டனில் மட்டும் இருப்பது என்ன? எனக்குத் தெரிந்து மூன்று. ஒன்று, தனியார் தாள்கள். இங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அதிகாரிகள், படைவீரர்கள், அவர்களுடைய மனைவிமார் எழுதிய கடிதம், நாட்குறிப்பு, வீட்டுக் கணக்கு. அவற்றை "எம்எஸ்எஸ் யூர்" என்ற குறியீட்டில் வைத்திருக்கிறார்கள். இரண்டு, ஓவியங்களும் பழைய புகைப்படங்களும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. 1784-இல் கம்பெனியைக் கண்காணிக்க லண்டனில் ஒரு கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த ஒரு விவகாரத்துக்குப் பதில் எழுதும்போது, அது சம்பந்தமான தாள்கள் அத்தனையையும் அங்கங்கிருந்து பொறுக்கி ஒரே கட்டாகக் கட்டி அந்த வாரியத்தின் முன்னால் வைப்பார்கள். 1796-லிருந்து 1858 வரை சேர்ந்த அந்தக் கட்டுகள் "ஐஓஆர் / எஃப் / 4" என்ற வரிசையில் இருக்கின்றன. எழும்பூரில் இருபது தொகுதிகளில் சிதறிக் கிடக்கிற ஒரு விவகாரம் லண்டனில் ஒரே கட்டில் கிடைக்கும். நீலகிரி நிலம் தோடர்களுக்குச் சொந்தமா, அரசுக்குச் சொந்தமா என்று சல்லிவனுக்கும் சென்னை கவர்னர் லஷிங்டனுக்கும் இழுபறி நடந்தது. அதெல்லாம் லண்டன் வரை போன விவகாரம்.

எழும்பூரில் உட்கார்ந்து, எந்தெந்தக் கடிதம் "லண்டனுக்கு அனுப்பப்பட்டது" என்ற குறிப்போடு அறுந்து நிற்கிறது, எங்கே இணைப்பு இல்லை, எந்தத் தொகுதியில் தாள் பொடிந்துபோய்ப் படிக்க முடியவில்லை என்று ஒரு நோட்டில் எழுதினேன். பிறகு வீட்டுக்கு வந்து, லண்டன் நூலகத்தின் இணையப் பட்டியலில் அவற்றுக்கு ஜோடி தேடினேன். எங்கள் வீட்டில் சிக்னல் இருக்காது. மேல் தோட்டத்துப் பாறை மேல் ஏறினால் கிடைக்கும். மழை இல்லாத சாயங்காலங்களில் அந்தப் பாறையில்தான் தேடல்.

தேடுகிறவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதி கிடைக்காது. நீலகிரியை அவர்கள் நீல்கெர்ரி, நெயில்கெர்ரி, நீலகிர்ரி என்று வாய்க்கு வந்தபடி எழுதியிருக்கிறார்கள். ஊட்டி 1821-இல் ஒரு கடிதத்தில் வொட்டோகிமண்ட். தோடர்கள் தோடவர். படுகர்களைப் பர்கர் என்று எழுதியிருப்பார்கள், நான் முதலில் அதை வேறு யாரோ என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். என்னுடைய ஆட்கள் இருக்கிறார்களே, சுமந்தவர்கள், அவர்கள் ஒரு இடத்தில் கூலி, ஒரு இடத்தில் பேரர், இன்னொரு இடத்தில் பல்லங்கீன் பாய். இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் ஏழெட்டு எழுத்துக்கூட்டல் போட்டு ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு தேடினேன். பட்டியலை நீட்டிக்க நீட்டிக்கப் புதிது புதிதாக வந்தது. நீங்கள் எந்த ஊரைப் பற்றி ஆய்வு செய்தாலும் சரி, உங்கள் ஊர்ப் பெயரைக் காது கேட்காத ஒருவர் எப்படி எழுதுவார் என்று யோசித்துத் தேடுங்கள்.

இப்படி ஒரு வருஷம் கழிந்தபோது என் கையில் 11 தொகுதிகளின் எண்கள் இருந்தன. அதில் ஒன்று ஒரு அதிகாரி வீட்டுத் தாள்கள். பட்டியலில் அதன் விவரத்தின் கடைசியில், "உள்ளூர் மொழியில் சில கணக்குகள்" என்று ஒரு வரி. எந்த மொழி என்று போடவில்லை. அந்தப் பிரிவின் பொறுப்பாளருக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன்: நான் யார், என்ன தேடுகிறேன், இந்த எண்ணில் இருக்கும் கணக்கு எந்த மொழி என்று சொல்ல முடியுமா. ஒரு வாரத்தில் பதில் வந்தது. தமிழாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று எழுதியிருந்தார்கள். தயங்காமல் எழுதுங்கள். பெரிய இடமாயிற்றே, பதில் போடுவார்களா என்று நினைக்காதீர்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் அவர்களுக்கும் அது பிடிக்கிறது.

இரண்டாவது விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே அந்தக் கணக்கைக் கொண்டு வந்தேன். இந்த எண்ணில் இருக்கும் இந்தக் கணக்கு தமிழில் இருக்கலாம். எனக்குப் பழைய தமிழ்க் கணக்கெழுத்து படிக்கத் தெரியும். இதை எழும்பூரில் இருக்கும் இந்தத் தொகுதியோடு சேர்த்துப் படித்தால் கோத்தகிரிப் பாதையில் சுமை தூக்கியவர்களின் கூலி தெரியவரும். அவ்வளவுதான் சாரம். பிறகு 11 தொகுதிகளையும் கட்டாயம் பார்க்க வேண்டியவை, நேரமிருந்தால் பார்ப்பவை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று வாரக் கணக்குப் போட்டேன். நூற்றைம்பது வருஷம் முப்பது வருஷமாகச் சுருங்கியது. சிறுமுகையிலிருந்து தேனாடு வழியாகக் கோத்தகிரிக்குக் குதிரைப் பாதை போட்ட 1820-களில் தொடங்கி அந்த முப்பது வருஷத்தோடு நிறுத்தினேன்.

நான் தமிழ்வழியில் படித்தவள். விண்ணப்பத்தை முழுக்கத் தமிழில் எழுதி முடித்து, எங்கே சொல்ல வந்தது குழம்புகிறது என்று பார்த்துச் சரிசெய்த பிறகுதான் ஆங்கிலத்துக்குக் கொண்டு போனேன். சின்னச் சின்ன வாக்கியம். முதல் தடவை போட்ட கோட்பாட்டுச் சொற்களில் பாதியை எடுத்துவிட்டேன். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் எல்லோரும் நம் துறைக்காரர்கள் இல்லை. ரஷ்ய வரலாறு படிக்கிறவரும் இருப்பார், இசை படிக்கிறவரும் இருப்பார். அவருக்கும் புரிய வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் பற்றிச் சுருக்கமாக. "சார், ஒரு லெட்டர் வேணும்" என்று கடைசி வாரம் போய் நிற்காதீர்கள். ஆறு வாரம் முன்னாலேயே கேட்டு, விண்ணப்பத்தின் வரைவையும், நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதியும் கொடுங்கள். நல்கை தரும் இடத்திலிருந்து அவர்களுக்கு நேராக மின்னஞ்சலில் ஒரு இணைப்பு போகும். அது குப்பைப் பெட்டியில் விழுந்திருக்கும். தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் தலைப்பு எவ்வளவு முக்கியம் என்று அவர் எழுத வேண்டாம், அதை நீங்களே எழுதியிருப்பீர்கள். நீங்கள் ஆவணத்தின் முன்னால் உட்கார்ந்தால் எப்படி வேலை செய்வீர்கள் என்பதை எழுதச் சொல்லுங்கள்.

பணம் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நல்கை கிடைத்தது என்று கடிதம் வந்த அன்றைக்கே பணம் வராது. விமான டிக்கெட், விசாக் கட்டணம், முதல் இரண்டு வார வாடகை எல்லாம் முதலில் நம் கையிலிருந்து போக வேண்டும். நான் அப்போது கௌரவ விரிவுரையாளர். அம்மா கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தார். கோத்தகிரியில் அடகு வைத்துத்தான் டிக்கெட் போட்டேன். திரும்பி வந்து மீட்டேன். விமானக் கட்டணத்தை முன்கூட்டியே தர முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கலாம் என்று பிறகு ஒருவர் சொன்னார். சில இடங்களில் தருகிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. நான் வேலை பார்த்த இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்க மூன்று மாதம் ஆனது. நல்கை முடிவு வந்த பிறகு ஆரம்பிக்காமல், விண்ணப்பம் போட்ட அன்றைக்கே அந்தச் சான்று கேட்கும் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். விசாவுக்குக் கைரேகை கொடுக்க ஒரு தடவை சென்னை போய்வர வேண்டியிருந்தது.

2018 பிப்ரவரியில் போனேன். குளிர் எனக்குப் புதிதில்லை. கொடநாட்டுப் பக்கம் பனிக்காற்றில் கொழுந்து பறித்த கை இது. செயின்ட் பான்கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல் நிறத்தில் பெரிய கட்டடம். உள்ளே நுழைந்ததும் நடுவில் கண்ணாடிக் கோபுரம் மாதிரி அடுக்கடுக்காகப் பழைய தோல் அட்டைப் புத்தகங்கள். ஜார்ஜ் அரசரின் புத்தகங்களாம். ஆசிய, ஆப்பிரிக்கப் பிரிவின் வாசிப்பறை மூன்றாவது மாடி. சுவரில் இந்திய அரசர்களும் துரைகளும் எண்ணெய் ஓவியங்களாக நின்று நம்மைப் பார்க்கிறார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். பையை லாக்கரில் வைத்துவிட்டு, கண்ணாடிப் பையில் நோட்டும் பென்சிலும் லேப்டாப்பும் எடுத்துப் போக வேண்டும். பழைய தொகுதியை நுரைத் தலையணை மேல் வைத்துத் திறக்கிறார்கள். பக்கம் மூடாமலிருக்க, பாம்பு மாதிரி ஒரு துணிக் கயிறு, கனத்துக்கு உள்ளே ஈயக் குண்டு போட்டது. வாசகர் அட்டை இலவசம், ஆனால் நான் போனபோது முகவரிச் சான்றின் அசலைக் கேட்டார்கள். சொந்தக் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் கேமராவில்தான் நான் தவறு செய்தேன். முதல் வாரம் ஆர்வத்தில் தொள்ளாயிரம் படம் எடுத்தேன். எந்தப் படம் எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அறையில் உட்கார்ந்து பார்க்கிறேன், எல்லாம் ஒரே மாதிரி மஞ்சள் தாள், ஒரே மாதிரி சாய்ந்த கையெழுத்து. பாதிக்கு மேல் மறுபடி எடுக்க வேண்டி வந்தது. ஒரு வாரம் போனது போனதுதான். அதற்கப்புறம் ஒரு முறை வைத்துக்கொண்டேன். தொகுதியைத் திறக்கும் முன் அதன் எண் எழுதிய சீட்டை ஒரு படம். ஒவ்வொரு கடிதம் தொடங்கும்போதும் பக்க எண் தெரிய ஒரு படம். சாயங்காலம் அறைக்கு வந்ததும், சமைப்பதற்கு முன்னால், அன்றைய படங்களைத் தொகுதி எண் பெயரில் ஒரு கோப்புறையில் போட்டு, அன்று என்ன பார்த்தேன் என்று தமிழில் அரைப் பக்கம். எட்டு வாரமும் எழுதிய அந்த அரைப் பக்கங்கள்தான் இப்போது என் புத்தகத்தின் எலும்பு.

அந்த வீட்டுக் கணக்கு மூன்றாவது வாரம் கைக்கு வந்தது. உள்ளங்கை அகலத்தில் நீள நீளமான தாள்கள், நடுவில் மடித்த தடம். ஒரு முனையில் எண்ணெய் பட்டு ஒளி ஊடுருவியது. மேலே ஆங்கிலத்தில் துரைசானியின் கையெழுத்தில் ஒரு வரி. கீழே முழுக்கத் தமிழ். புள்ளி வைக்காத எழுத்து, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாத ஓட்டம். எழுதியவர் அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். வலது ஓரத்தில் எண்கள். ௨௰௪. இரண்டு, பத்து, நான்கு: இருபத்து நான்கு. அதற்குக் கீழே கூலி, பணம் என்ற பழைய நாணயத்திலும் கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்திலும். இடது பக்கம் மேடு, துறை, சாவடி என்று நின்ற இடங்கள். இருபத்து நான்கு பேர், இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை, இவ்வளவு கூலி, அரிசிக்கு இவ்வளவு பிடித்தது. நான் எம்.ஏ. படித்த காலத்தில் எண்சுவடியை (பழைய தமிழ் வாய்ப்பாடு) மனப்பாடம் செய்ய வைத்த ஆசிரியரை அந்த மேசையில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன். அன்று மாலை பொறுப்பாளரிடம் போய், இது தமிழ்தான், சுமைகூலிக் கணக்கு என்று சொன்னேன். ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.

நம் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது. அந்த நூலகத்தில் என்ன இருக்கிறது என்று நாம் காட்ட வேண்டும் என்றேன். அதோடு, நம்மிடம் என்ன இருக்கிறது என்பதையும் காட்ட வேண்டும். பழைய தமிழ்க் கையெழுத்து படிப்பது, படுக மொழி பேசுவது, தேனாடு பாதையில் எந்த வளைவில் தண்ணீர் இருக்கும் என்று தெரிந்திருப்பது, இதெல்லாம் தகுதிதான். ஆங்கிலம் சரளமாக வராதே என்று குனிந்துகொண்டு, இதையெல்லாம் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறோம். துரைசானியின் ஒரு வரியைப் படிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் முப்பது வரியைப் படிக்க நாம் போக வேண்டும்.

வேறு எங்கெல்லாம் முயலலாம் என்று கேட்பார்கள். இந்தியர்கள் பிரிட்டனில் குறுகிய காலம் ஆய்வு செய்ய உதவும் சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை 1981-லிருந்து இயங்குகிறது. வாஷிங்டனில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் குளூகி மையம் முனைவர் பட்டம் பெற்று ஏழு ஆண்டுக்குள் இருப்பவர்களை எடுக்கிறது, நான்கு முதல் பதினொரு மாதம் வரை அங்கேயே தங்கிப் படிக்கலாம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவர்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு நல்கை உண்டு. நெதர்லாந்தில் லைடன் பல்கலைக்கழக நூலகமும், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகமும் வருகை ஆய்வாளர்களுக்கு நல்கை தருகின்றன. ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன, அங்கேயும் ஆய்வாளர்களைத் தங்கவைத்துப் படிக்கவிடுகிறார்கள். தொகையும் கடைசித் தேதியும் வருஷத்துக்கு வருஷம் மாறும், அவரவர் தளத்தில் அந்த வருஷ அறிவிப்பைப் பாருங்கள்.

வாஷிங்டனில் தமிழ்ப் புத்தகம் எப்படி வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. 1954-இல் அமெரிக்கா பிஎல் 480 என்றொரு சட்டம் போட்டது. அதன்படி நமக்குக் கோதுமை வந்தது, விலையை நாம் ரூபாயில் கொடுத்தோம். அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு 1962-லிருந்து டெல்லியில் ஓர் அலுவலகம் வைத்து இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். என் பாட்டி ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய கோதுமைக்கும், கடல் தாண்டிப் போய் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் புத்தகத்துக்கும் இப்படி ஒரு உறவு. அறுபதுகள், எழுபதுகளின் தமிழ்ப் பதிப்பு, சிறு வெளியீடுகள் பற்றி ஆய்வு செய்பவர்கள் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் விடக் கூடாது.

வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் பார்க்க, சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. எழும்பூரும் தரமணியும் பார்த்தாயிற்று, இந்தத் தாள் மட்டும் அங்கே இல்லை என்று எழுதும் விண்ணப்பத்துக்கு ஒரு எடை இருக்கும். எங்கள் ஊட்டியிலேயே 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. எங்கேயும் போக முடியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பிரிட்டிஷ் நூலகம் 2004-லிருந்து அழிந்துவரும் ஆவணங்களை இருக்கும் இடத்திலேயே மின்படியாக்க நிதி கொடுக்கிறது. அசல் ஊரை விட்டு நகராது. மாதாகோயில் பதிவேடு, எஸ்டேட் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு), ஊர்க் கணக்கு என்று இந்த மலை ஈரத்தில் பூஞ்சை பூத்துக்கொண்டிருப்பது எவ்வளவோ இருக்கிறது. நம் ஊரில் ஒருவருடைய பரணில் என்ன இருக்கிறது என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

ஏப்ரலில் திரும்பி வந்தேன். அந்தக் கணக்குத் தாளின் படத்தைப் பெரிதாக அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா வாசல் திண்ணையில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பக்கத்து ஹட்டிப் (படுகர் ஊர்) பெரியவர் ஒருவர், அப்பாவோடு பல வருஷம் ஃபேக்டரிக்குத் தேயிலை போட்டவர், அவரும் இருந்தார். எண்ணை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். அப்பா விரலை வைத்து மெதுவாகப் படித்தார்.

"இருபத்தி நாலு பேரு."

கொஞ்ச நேரம் தாளை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு எங்கம்மா போட்டிருக்கு?"

"போடலப்பா."

பெரியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, தேனாடு பாதையில் இன்ன இடத்தில் சுமைதாங்கிக் கல் ஒன்று சின்ன வயதில் பார்த்ததாகச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடினோம். லண்டனில் பார்த்த கணக்கில் "சாவடி" என்று வரும் இடத்துக்கும் அந்தக் கல்லுக்கும் தூரம் அளந்து குறித்து வைத்திருக்கிறேன். பெயர்களை இன்னும் தேடுகிறேன்.

நல்கை முடிந்ததும் ஆறு மாதத்துக்குள் ஓர் அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது, ஒரு உரையும். எடுத்த படங்களை நம் இஷ்டத்துக்கு இணையத்தில் போட முடியாது. புத்தகத்தில் அச்சிட அனுமதி தனியாக வாங்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. புத்தகம் போடும் எண்ணம் இருந்தால் அதையும் செலவுத் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு நாலைந்து பிள்ளைகள் வருகிறார்கள். குன்னூரிலிருந்து ஒருவர், கட்டபெட்டிலிருந்து இரண்டு பேர், கூடலூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து ஒரு பெண். அவள் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண், அந்தக் குடும்பங்களின் கதையைத்தான் எழுதுகிறாள். போன வாரம் அவளுடைய வரைவில் "இலங்கை மலையகமும் நீலகிரியும்" என்ற தலைப்பை அடித்துவிட்டு, ஒரு கப்பல் பயணத்தின் பெயரும் மூன்று ஆவண எண்களும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வரும் மே மாதம் எழும்பூர் போகிறாள். கல்லூரி அறிமுகக் கடிதத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இரண்டு பென்சிலும் என் பழைய எழுத்துக்கூட்டல் பட்டியலும் கொடுத்து அனுப்பினேன்.